ஆசிரியர்களுக்கான மனநலப் பயிற்சியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியையாகப் பணிபுரிகிறேன். மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று அளித்த தீர்ப்பை அறிந்திருப்பீர்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் மனநல ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் தகுதியுள்ள ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும், ஆசிரியர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதன்படி முதல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை நிர்வாகம் என்னிடம் ஒப்படைத்துள்ளது. இதற்கென இரண்டு சனிக்கிழமைகள் கிடைத்திருக்கின்றன.

எங்களுக்கு வந்துள்ள வரைவு நிகழ்ச்சி நிரலில் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஹெச்டி), ஆட்டிசம், கற்றல் குறைபாடு என ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசியில் யோகா, சான்றிதழ், குழுப் புகைப்படம். குறை சொல்ல மனமில்லை. ஆனால், இதையெல்லாம் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் எதை மாற்றிச் செய்வார் என்று யோசித்தால் எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எங்கள் ப்ளஸ் ஒன் மாணவன் ஒருவன், 2024இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது தன் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் ஏறியதைப் பார்த்தவன். அதன் பிறகு வானம் இருட்டினாலே கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். போனால் பள்ளி வாயிலருகே நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பான். பாட ஆசிரியர்கள் இருவர், அவன் வகுப்பிலிருந்து நழுவுவதாகவே குறித்து வைத்திருந்தார்கள். "மழை வர்ற மாதிரி இருந்தா மட்டும்தாம்மா இங்க வந்து நிக்கிறான்" என்று என்னிடம் சொன்னவர் வாயிற்காவலர்தான். இத்தகைய பார்வையை ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்றுவிப்பது? ஆசிரியரின் வேலை எந்த இடத்தில் முடிகிறது, அங்கிருந்து பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: மனநலச் சமூகப் பணியாளர் (புதுச்சேரி)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நோய்களைப் பற்றிய அந்த அரை மணி நேர உரைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. நோயின் பெயரைக் கற்றுக்கொண்டவர்கள் அதை எங்காவது பொருத்திப் பார்க்கத்தான் செய்வார்கள். ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் அறையில் "அந்தப் பையனுக்கு ஏடிஹெச்டி" என்ற பேச்சு கிளம்பிவிடும். பிறகு அந்தப் பெயர் மாணவனை விட்டுப் போகாது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது ஏறத்தாழ மூன்று பேர். அந்த மூவருக்கு என்ன நோய் என்று ஆசிரியர் கண்டறிய வேண்டியதில்லை. எது மாறியிருக்கிறது, எவ்வளவு நாளாக மாறியிருக்கிறது, அதனால் பிள்ளைக்கு எது நின்றுபோயிருக்கிறது என்ற மூன்றையும் சொல்லத் தெரிந்தால் எங்களுக்கு அதுவே பெரிய உதவி. உங்கள் வாயிற்காவலர் சொன்ன ஒரே வாக்கியத்தில் இவற்றில் முக்கியமானது அடங்கிவிட்டது.

ஆசிரியரையே ஆலோசகராக்கிவிடலாம் என்ற ஆசை நிர்வாகங்களுக்கு எளிதில் வரும், ஏனெனில் அதில் தனிச் சம்பளச் செலவு இல்லை. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரே மாதிரியான நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட, மனநலப் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் மாணவர்களிடையேயான துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பலன் தெரியவில்லை. இதை ஆசிரியர்களின் திறமைக் குறைவாக நான் படிக்கவில்லை. பாடம் நடத்தி, மதிப்பெண் போட்டு, கண்டிக்கவும் செய்யும் ஒருவரிடம் பிள்ளை எல்லாவற்றையும் திறந்து சொல்லும் என்று எதிர்பார்ப்பதே சிரமம்தான். எனவே தீர்ப்பு சொல்லும் ஆலோசகர் பணியிடத்துக்கு இந்தப் பயிற்சியை மாற்றாகக் காட்ட விடாதீர்கள்.

இரண்டு சனிக்கிழமைகளில் பாதி நேரத்தையாவது பேசிப் பழகுவதற்குக் கொடுங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் மாணவராகவும் மற்றவர் ஆசிரியராகவும் பேச வேண்டும். "ஏன் இப்படி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்று தொடங்கினால் பிள்ளை "ஒண்ணுமில்ல மிஸ்" என்பதோடு முடித்துக்கொள்ளும். "ரெண்டு வாரமா சாப்பாட்டு டப்பாவ அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போற, பாத்துட்டுத்தான் இருக்கேன், பேசணும்னா மூணாவது பீரியட் நான் ஃப்ரீ" என்று தொடங்கினால் அன்றே பேசாவிட்டாலும் அடுத்த வாரம் வரக்கூடும். கண்ணால் கண்டதைச் சொல்வது, காரணத்தைத் தானே ஊகித்துச் சொல்லாமலிருப்பது, அறிவுரையை நிறுத்தி வைப்பது ஆகிய மூன்றும் கேட்க எளிதாகத் தோன்றும். இருபது ஆண்டுகள் அறிவுரை சொல்லிப் பழகிய நாக்கை அடக்குவது எவ்வளவு கடினம் என்பது பழகிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சந்தேகம் எழுந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாக, அமைதியாகக் கேட்கப் பழக்குங்கள். ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. பெற்றோரை வரவழைத்து அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இந்தப் பகுதியை மட்டும் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு தெளிவாக நடத்துங்கள்.

பதில்: கடற்கரைப் பள்ளி ஆசிரியர் (கடலூர்)

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் "ஆசிரியர் பார்த்தால் போதும்" என்பது ஏதோ இலவசமாகக் கிடைப்பது போல ஒலிக்கிறது. காலையில் வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவதில் தொடங்கி, நலத்திட்டப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், தேர்வுப் பணி என நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள் என்கிறோம். பயிற்சிக்குப் பிறகு வகுப்பாசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது இதற்கென்று விடுவிக்கப்படுமா என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தாளில்தான் நிற்கும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்தினர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்று, கடன் பேச்சு தொடங்கும் நேரமும் ஆண்டுத் தேர்வும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஜூனில் பள்ளி திறந்தவுடன் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், விடுப்பு எடுப்பவர்கள் யார் என்பதை விட எந்தக் கிழமையில் எடுக்கிறார்கள் என்பது அதிகம் சொல்லும். திங்கட்கிழமை தோறும் வராத பெண்ணுக்கு ஞாயிறு இரவு வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே நிறையப் பேர் வந்து மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாம் அப்போதைய பேரிடரை ஒட்டி நடந்தவை. தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் என்று அடுத்தடுத்து வந்த கடலூருக்கு, ஒவ்வொரு அக்டோபரிலும் ஆசிரியர்களுக்கு இதை நினைவூட்டும் ஏற்பாடு பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கசப்பாக இருந்தாலும். பயிற்சியின் முதல் ஒரு மணி நேரம், நாம் செய்வதில் எதை நிறுத்துவது என்பதற்கே போக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நீங்கள் குறிப்பிட்ட தீர்ப்பும், மதிப்பெண் அடிப்படையில் பிரிவுகளாகப் பிரிப்பதையும் பிறர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. விடைத்தாளைக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்கப் படிக்கும் வழக்கத்தை விடாமல் மனநலப் பயிற்சிக்கு வந்து உட்காருவதில் என்ன பயன்? வம்பு செய்யும் பையன்கள் எப்படியும் நம் கண்ணில் பட்டுவிடுவார்கள். அழகாக எழுதி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையோடு கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையைத்தான் "தங்கமான பிள்ளை" என்று எழுதிவிடுகிறோம்.

சத்துணவு அமைப்பாளர், சமையலர், ஆயா, வாயிற்காவலர் அனைவரையும் அதே பயிற்சியில், அதே நாற்காலிகளில் உட்கார வையுங்கள்.

பதில்: ஒரு தாய் (லாஸ்பேட்டை)

நான் ஆசிரியர் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் என் மகளுக்கு மனச்சோர்வு வந்து, சிகிச்சைக்காகப் பல வாரங்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தது. மேலே எல்லோரும் கண்டறிவதையும் அனுப்பி வைப்பதையும் பேசுகிறீர்கள். அனுப்பப்பட்ட பிள்ளை திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களுக்கு மருத்துவமனையை விடக் கடினமாக இருந்தது அந்த நாள்தான்.

மாத்திரையால் முதல் பாடவேளையில் அவளுக்குத் தூக்கம் அழுத்தும். எழுத்துப்பூர்வமாக முன்பே தெரிவித்திருந்தும், ஓர் ஆசிரியை வகுப்பில் அதைச் சொல்லிக் காட்டினார். இடைவேளைக்குள் விஷயம் பரவிவிட்டது. அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஒருவர், விடுபட்ட பாடங்களில் எது அவசியம், எதை விட்டுவிடலாம் என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூச்சு முட்டினால் அனுமதி கேட்காமலேயே வெளியே போய் நூலகத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், மேசையில் நீல நிற அட்டையை வைத்துவிட்டுப் போனால் போதும் என்றார். அந்த அட்டையை அவள் அதிகம் பயன்படுத்தவில்லை. ஆனால் பென்சில் பெட்டிக்குள் எப்போதும் இருந்தது.

பயிற்சியில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்: திரும்பி வரும் பிள்ளையிடம் யார் பேசுவார், உடன் படிப்பவர்களுக்கு என்ன சொல்லப்படும், முதல் மாதத் தேர்வுகள் என்ன ஆகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தேர்வுச் சலுகைகள் உண்டு என்பதைக்கூட நாங்களே தேடித்தான் தெரிந்துகொண்டோம். பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கும்போது முதல் வாக்கியமே "உங்க பொண்ணுகிட்ட ஏதோ பிரச்சினை" என்று இருக்க வேண்டாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

கெடிலக்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. நிகழ்ச்சி நிரலை மாற்றி எழுதிவிட்டேன். நோய் விளக்கங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு மணி நேரம்தான். முதல் சனிக்கிழமை காலை நிறுத்த வேண்டியவை, மாலை பேசிப் பழகுதல். இரண்டாம் சனிக்கிழமை சட்டம், அனுப்பி வைக்கும் முறை, திரும்பி வரும் பிள்ளை. யோகாவை எடுத்துவிட்டேன், சான்றிதழை எடுக்க நிர்வாகம் ஒப்பவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. பெற்றோரிடம் பக்குவமாகச் சொன்னாலும், "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சா சரியாப் போயிடும்" என்று மருத்துவமனையை மறுப்பவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்ற பிள்ளை என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வயிற்று வலி எனச் சொல்லி மறைப்பவர்களும் உண்டு. இவர்களிடம் ஆசிரியர் என்ன பேசுவது?

மனநலச் சமூகப் பணியாளர் (புதுச்சேரி)

மந்திரிப்பதை எதிர்த்து வாதாட வேண்டாம். வாதத்தில் வென்றாலும் பிள்ளை நமக்குக் கிடைக்காது. "அதுவும் பாருங்க, இதையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்பதே பலமுறை வேலை செய்திருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்து, புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையிலேயே சலித்துத் திரும்பிவிடுவதும் உண்டு. அதை மறுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையாக இருந்தாலும், சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும், புதுச்சேரி ஜிப்மராக இருந்தாலும், மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பள்ளியே முன்கூட்டி விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

போலீஸ் பயத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன உட்கொண்டது என்பது மருத்துவருக்குத் தெரியாமல் வயிற்று வலிக்கு மருந்து கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆபத்து உடனடியானது, பெற்றோரும் ஒத்துழைக்கவில்லை என்றால், தலைமையாசிரியர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் உதவியைக் கேட்கலாம்.

அனுப்பும் கடிதத்தில் நோயின் பெயர் எதுவும் வேண்டாம். கண்டது என்ன, எப்போதிலிருந்து என்பது மட்டும் போதும். அதன் நகலைத் தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டி வையுங்கள், மாணவர் கோப்பில் சேர்க்க வேண்டாம். இரண்டாம் சனிக்கிழமை காலை என்றால் நானும் கடலூர் வர இயலும். பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.