புதுப்பிப்பு: முகாம் தம்பியை ஸ்டேஷனில் வைத்து அடித்த விஷயம்

எங்களோடு பெயிண்டிங் வேலை பார்க்கும் இலங்கைத் தமிழர் முகாம் தம்பியை, கேஸே போடாமல் இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து உள்ளங்காலில் அடித்தார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணாச்சிமார் எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதல்ல ஹைகிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற யோசனைதான் (ஹைகிரவுண்டு என்றால் நெல்லை அரசு ஆஸ்பத்திரி). 'சாரத்துல இருந்து விழுந்துட்டேன்'னு சொல்லிவிடத்தான் தம்பி இருந்தான். கையைப் பிடித்து அழுத்தினேன். டாக்டர் வீங்கிய காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, போலீசார் தடியால் அடித்ததாக அவன் சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதினார்.

பிறகு பாளையங்கோட்டை கோர்ட்டில் இலவச சட்ட உதவி. வக்கீலம்மா தமிழிலேயே மனு எழுதி மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பினார். கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 1 வருஷத்துக்குள் போடணும். குடியுரிமை இல்லாதவருக்கு இது உண்டா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். உண்டு. அரசியல் சட்டம் 21, 22 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்றுதான் சொல்கிறது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியே ஆகணும்.

எதிர்பாராதது: கேமரா ரிப்பேர் என்று ஸ்டேஷனில் கைவிரித்தார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒன்று, முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் பார்க்கும் செக்கிங் நாள். 'ஆள் இல்லை' என்று பதிந்ததால் அவனுக்கு அரசு மாசாமாசம் தரும் பணக்கொடை நின்றுபோனது. அந்தப் பதிவே இப்போது எங்களுக்குச் சாட்சி!

ஆணையம் நோட்டீஸ் அனுப்பியாச்சு. வாய்தா அடுத்த மாசம். தம்பி வேலைக்கு வாரான், சாரத்தில் மட்டும் ஏற மாட்டேங்கான்.