கியூ6600: 3.6 வரை ஏற்றி 3.2-க்கு இறங்கிய அனுபவம்

பழைய ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள், என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது இன்டெல் கோர் 2 க்வாட் கியூ6600. 2007-ல் வந்தது, நான்கு கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், ஜி0 ஸ்டெப்பிங், அதாவது அதே சிப்பின் திருத்திய பதிப்பு. முதலில் வந்த பி3 105 வாட், ஜி0 95 வாட், அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் ஜி0-வைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

ப்ராசஸர் வேகம் என்பது எஃப்எஸ்பி (போர்டு தரும் அடிப்படை க்ளாக், மெகாஹெர்ட்ஸில்) × மல்டிப்ளையர். இதில் மல்டிப்ளையர் 9-க்கு மேல் போகாது, எஃப்எஸ்பியைத்தான் ஏற்ற வேண்டும். 266-ஐ 333 ஆக்கினேன், 3.0 ஆகிவிட்டது. வோல்டேஜைத் தொடவே இல்லை, விண்டோஸ் ஒழுங்காக வந்தது. ஆனால் ப்ராசஸரை முழு லோடில் சோதிக்கும் ப்ரைம்95 ஓட விட்ட இரண்டே நிமிடத்தில் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டியது. ஓவர்க்ளாக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் ஹீட் சிங்கைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தேன், ஒரு மூலை ஆடியது. மதர்போர்டைக் கழற்றித் திருப்பினால் நான்கு பின்களில் மூன்றுதான் மறுபக்கம் விரிந்து நிற்கின்றன, நான்காவதின் நுனி ஓட்டைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. அந்த மூலையில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் அமுங்காமல், வைத்தது வைத்தபடி மொத்தையாக இருந்தது. துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி நான்கு 'டிக்' சத்தத்தையும் காதால் கேட்ட பிறகுதான் திரும்ப மாட்டினேன். அதே 3.0-ல் 67 டிகிரி. புஷ்-பின் கூலர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து போர்டின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் 400 என்ற எண் இழுத்தது, ஏனென்றால் என் ரேம் டிடிஆர்2-800, அதன் உண்மையான க்ளாக் 400, எஃப்எஸ்பியும் 400 வைத்தால் ஒன்றுக்கு ஒன்று கச்சிதமாகப் பொருந்தும். பெரிய டவர் கூலர் போட்டு 400 வைத்தேன். திரை கறுப்பு. மூன்று தடவை, பயாஸ் செட்டிங்கை அழிக்கும் சிமோஸ் ஜம்பரைப் போட்டு எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். பயாஸில் 1.40 வோல்ட் கொடுத்தால் லோடு ஏறியதும் சிபியு-இசட் மென்பொருளில் 1.34 என்று இறங்குகிறது. வீ-ட்ரூப் எனப்படும் இந்த வோல்டேஜ் இறக்கம் தெரியாமல் பயாஸ் எண்ணை மட்டும் நம்பினால் கணக்கு தப்பும். 1.45 கொடுத்து லோடில் 1.39 வந்ததும் 3.6 நின்றது, ப்ரைம்95 ஒரு மணி நேரம் ஓடியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இரண்டு வாரம் கழித்து பேக்கப் ஜிப் ஒன்றைத் திறந்தால் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே தரவு கெட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரே பெரிய ஃபைலுக்குத் தொடர்ந்து மூன்று தடவை செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை ஒரே விடை, மூன்றாவது வேறு. ஃபைல் மாறவில்லை, கணக்கு மாறுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. அடுத்த ராத்திரி ப்ரைம்95, ஐந்தாவது மணி நேரத்தில் மூன்றாவது வொர்க்கர் (ஒரு கோரில் ஓடும் சோதனை) மட்டும் நின்றுவிட்டது: ரவுண்டிங் பிழை 0.5, இருக்க வேண்டியது 0.4-க்குள். கம்ப்யூட்டர் ஹேங் ஆகவில்லை, நீலத் திரை வரவில்லை, எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. எனக்குப் பயம் வந்தது அங்கேதான். அந்த இரண்டு வாரத்தில் எழுதிய பேக்கப் எதையும் நம்ப முடியாமல், ஒரிஜினல் இருந்தவரை திரும்ப எடுத்தேன், சில புகைப்படங்கள் போனது போனதுதான்.

இன்னொரு கணக்கும் அப்புறம்தான் போட்டேன். வெப்பம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 3.0-ல் லோடில் 1.24 வோல்ட், 3.6-ல் 1.39. ஆக 20 சதவீத வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு மின்சாரம். இப்போது 356 × 9, அதாவது 3.2. லோடில் 1.28, 24 மணி நேரம் ஒரு பிழையும் இல்லை.

—

உங்கள் செக்சம் விஷயத்தைப் படித்ததும் என்னுடையது ஞாபகம் வந்தது. என்னிடம் 2011-ன் இன்டெல் ஐ5-2500கே ப்ராசஸர். இதில் உங்களுக்கு நேர் எதிர், மல்டிப்ளையர் திறந்திருக்கும், 33-ஐ 44 ஆக்கினால் வேலை முடிந்தது. நான் ஆர்வத்தில் அடிப்படை க்ளாக்கையும் 100-லிருந்து 107 ஆக்கினேன். அதே க்ளாக்கில்தான் பிசிஐ எக்ஸ்பிரஸும் சாட்டாவும் ஓடுகின்றன, எஸ்எஸ்டி திடீர் திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தது. 100-க்கே திருப்பிவிட்டேன், சரியானது. ஏழு வருடம் 4.4-ல் ஓடிய அதே செட்டிங்கில் ஒரு நாள் 0x124 நீலத் திரை, அதாவது ஹார்ட்வேர் பிழை. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே 'சரிசெய்யப்பட்ட' ஹார்ட்வேர் பிழைகள் வரிசையாக இருந்தன, நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பேஸ்ட்டை மாற்றியும் வந்தது. சிலிக்கானுக்கும் வயதாகும், வோல்டேஜும் சூடும் சேர்ந்து அதை வேகமாக்கும். 4.2-க்கு இறக்கினேன், அதன் பிறகு வரவில்லை.

—

ஈவன்ட் வியூவர் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. கியூ6600-ல் நேற்று ராத்திரி பார்த்தேன், 3.2-க்கு இறக்கிய தேதிக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. 3.6-ல் இருந்த நாட்களிலும் எதுவும் பதிவாகவில்லை, செக்சம் மட்டும்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதனால் அந்தச் செக்சம் சோதனையை இனி ஒவ்வொரு பேக்கப்புக்கும் இரண்டு தடவை ஓட வைத்திருக்கிறேன்.