கறுப்பின மக்களுக்கான ஊடகம் என்று சொல்பவை உண்மையில் அவர்களுக்காக இயங்குகின்றனவா? எப்படிச் சோதிப்பது?

மஞ்சக்குப்பம் வாசகர்:

வணக்கம் தோழர்களே. கடலூரில் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு மாதச் சுவரிதழ் கொண்டுவரப் போகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிநீர், பள்ளிக்கூடம், வழக்கு, தேர்தல் பற்றி அங்கே வருகிற செய்திக் கட்டுரைகளைத் தமிழில் தருவதுதான் திட்டம். எந்த ஊடகத்திலிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல். "எங்கள் சமூகத்தின் குரல்" என்று எல்லாருமே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாளி கறுப்பரா என்று பார்த்தால் போதும் என்கிறது ஒரு தரப்பு. ஆசிரியர் குழுவில் எத்தனை பேர் கறுப்பர் என்று பார்க்கச் சொல்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

ஐந்து பேர் இருக்கிறோம், ஒரு மடிக்கணினி இருக்கிறது. எங்களால் செய்ய முடிகிற முறையாகச் சொல்லுங்கள். அதே அளவுகோலைக் கொண்டு நம் மாவட்டத்தில் தலித் காலனிச் செய்திகள் எப்படி வருகின்றன என்றும் பார்க்க முடியுமா?

முத்தியால்பேட்டை:

உரிமையாளர் யார் என்பதை முதலில் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் கறுப்பர்கள் தாங்களே நடத்திய முதல் பத்திரிகை 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்', 1827 மார்ச்சில் நியூயார்க்கில் தொடங்கியது. சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் இருவரும் ஆசிரியர்கள். எங்களுக்காக மற்றவர்கள் பேசியது போதும், எங்கள் வழக்கை நாங்களே பேசுகிறோம் என்று முதல் இதழிலேயே அறிவித்தார்கள். சில மாதத்தில் கார்னிஷ் விலகினார். பிறகு ரஸ்வர்ம், விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் குடியேற்றத் திட்டத்தின் பக்கம் சாய்ந்தார். வாசகர்களில் பெரும்பாலோர் அதை வெறுத்தார்கள். 1829இல் பத்திரிகை நின்றுபோனது. முதலாளியும் ஆசிரியரும் கறுப்பர்தான், ஆனாலும் வாசகரின் நலன் ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

கைமாறுவதும் கவனிக்க வேண்டிய விஷயம். கறுப்பின மக்களுக்கான பி.இ.டி. தொலைக்காட்சியை ராபர்ட் ஜான்சன் 1980இல் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு சுமார் 300 கோடி டாலருக்கு வயாகாம் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தார். 2005இல் அதன் இரவுச் செய்தி நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பெயர் மாறவில்லை, அந்த இரவுச் செய்தி மட்டும் போய்விட்டது. கறுப்பினப் பெண்களுக்கான 'எசன்ஸ்' இதழ் நேர்மாறான பாதையில் போனது: 1970இல் தொடங்கி, 2005இல் முழுவதுமாக டைம் நிறுவனத்தின் கைக்குப் போய், 2018இல் மறுபடி கறுப்பின உரிமையாளரிடம் வந்தது. அதனால் "இது கறுப்பர் ஊடகமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் கட்டுரை வெளியான ஆண்டில் அது யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.

எங்கே தேடுவது? அஞ்சலில் சலுகைக் கட்டணத்தில் போகும் அமெரிக்க இதழ்கள் ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளர், விற்பனை விவரத்தை அச்சிட்டாக வேண்டும். பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் வரும். வானொலி, தொலைக்காட்சி நிலையம் என்றால் அவற்றுக்கு உரிமம் கொடுக்கும் எஃப்.சி.சி. ஆணையத்தின் பொதுக் கோப்பை இணையத்தில் இலவசமாகவே திறந்து பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த உள்ளூர்ப் பிரச்சினைக்கு எந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பினோம் என்று நிலையமே அதில் பட்டியல் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியல் ஒரு புதையல். "சமூக நலன்" என்ற தலைப்பின் கீழே காலை நேரச் சமையல் நிகழ்ச்சியைப் போட்டிருந்தால், நிலையம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டது.

லாப நோக்கில்லாத அமைப்பாக இருந்தால் 'படிவம் 990' என்ற வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். அதிகச் சம்பளம் யாருக்கு, மொத்த வரவில் நன்கொடை எவ்வளவு என்பது தெரியும். நன்கொடையாளர் பெயர்கள் பெரும்பாலும் அதில் மறைக்கப்பட்டிருக்கும். அதை அமைப்பு தன் தளத்தில் தானாக வெளியிடுகிறதா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்ணையாறு:

முத்தியால்பேட்டைத் தோழர் சொன்னதெல்லாம் சரி. என் கருத்தில் அதற்குக் கால் பங்கு நேரம் கொடுத்தால் போதும். மீதி முக்கால் பங்கும் வெளியான செய்திகளைக் குறித்து எண்ணுவதில் போகட்டும்.

இந்த முறைக்குப் பெரிய முன்னுதாரணம் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரத்து டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி. ஒளிபரப்பு எல்லைக்குள் கிட்டத்தட்ட 45 விழுக்காட்டினர் கறுப்பர். திரையில் அவர்கள் இல்லை. 1964 மார்ச் முதல் வாரம், எவரெட் பார்க்கர் தலைமையில் ஐக்கிய கிறிஸ்து சபையின் தொடர்புப் பிரிவு உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அந்த நிலையத்தின் ஒளிபரப்பை ஒரு வாரம் குறிப்பெடுக்க வைத்தது. யார் பேசினார்கள், எவ்வளவு நேரம், எந்தத் தலைப்பில் என்று அட்டவணை போட்டார்கள். வெள்ளையரைக் குறிப்பிடும்போது வரும் மரியாதைச் சொல் கறுப்பரைக் குறிப்பிடும்போது வருகிறதா என்பதும் அவர்கள் கவனித்த விஷயம். 1966இல் நீதிமன்றம், உரிமத்தை எதிர்த்துக் கேட்கும் தகுதி பார்வையாளர்களுக்கும் உண்டு என்றது. 1969இல் உரிமமே போனது. அவ்வளவுக்கும் அடித்தளம் ஒரு வாரக் குறிப்பேடு.

உங்களுக்கான முறை இதுதான். நாளிதழ் அல்லது தினம் புதுப்பிக்கும் தளம் என்றால் தொடர்ந்து ஏழு நாள் எடுக்காதீர்கள். ஒரு பெரிய சம்பவம் நடந்தால் அந்த வாரம் முழுக்க அதுவே நிறைந்துவிடும். ஆண்டின் ஒரு வாரத்தில் திங்கள், வேறொரு வாரத்தில் செவ்வாய், இன்னொரு வாரத்தில் புதன் என்று சீட்டுப் போட்டு எடுத்து ஒரு வாரத்தைக் கட்டுங்கள். ஒரு நாளிதழின் ஓராண்டுக்கு இப்படிக் கட்டின இரண்டு வாரம், அதாவது பதினான்கு நாள் போதும் என்பது ஊடக ஆய்வில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. வார இதழ் என்றால் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு இதழ். பிப்ரவரி மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அது கறுப்பர் வரலாற்று மாதம், எந்த ஊடகமும் அப்போது நன்றாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி எழுதுங்கள். தேதி, தலைப்பு வகை, சொந்த நிருபர் எழுதியதா இல்லை செய்தி நிறுவனத்திலிருந்து வந்ததா, எத்தனை பேர் மேற்கோள் காட்டப்பட்டார்கள், அவர்களில் பாதிக்கப்பட்டவர் எத்தனை, அதிகாரி எத்தனை, முதல் மேற்கோள் யாருடையது, செய்தியில் வாசகர் செயல்படுவதற்கான தகவல் ஏதாவது உண்டா, இதற்கு முன் வந்த செய்தியின் தொடர்ச்சியா. இவ்வளவு போதும். அட்டவணையில் பத்தியைக் கூட்டினால் மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிடும்.

சிக்கல் வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை எண்ணுவது முதல் தவறு. விளையாட்டும் இசையும் கொண்ட பக்கத்தில் கறுப்பர் படம் நிறையவே இருக்கும். விளையாட்டு, பொழுதுபோக்கு, குற்றம் மூன்றையும் தனியாகப் பிரித்துவிட்டு மீதியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செய்திக் குறிப்பை அப்படியே போட்டதைச் சொந்தச் செய்தி என்று எண்ணுவது இரண்டாவது தவறு. சந்தேகம் வந்தால் செய்தியின் முதல் பத்தியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் வேறு பத்துத் தளத்திலும் கிடைக்கும். மூன்றாவதுதான் மோசம்: ஐந்து பேரும் ஐந்து விதமாகக் குறிப்பது. வேலை தொடங்கும் முன் முப்பது செய்திகளை இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் குறிக்கட்டும். நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே ஒத்துப்போனால் விதி தெளிவாக இல்லை என்று பொருள். விதியைத் திருத்தி எழுதிவிட்டு, புதிதாக முப்பது செய்திகளை எடுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்:

மிக்க நன்றி. "செயல்படுவதற்கான தகவல்" என்பதை எப்படி வரையறுப்பது? எங்கள் குழுவில் சண்டை வரப்போவது அங்கேதான்.

பெண்ணையாறு:

இடம், தேதி, தொலைபேசி, தொகை, உரிமை இவற்றில் ஒன்றாவது, வாசகர் அதைக் கொண்டு மறுநாள் ஏதாவது செய்யும்படி இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டு கடைசியில் ஜாக்சன் நகரத்தில் குடிநீர் நிலையம் செயலிழந்தது. "மக்கள் அவதி" என்று எழுதினால் குறி கிடையாது. தண்ணீர் எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள், குழாயில் வருவதை என்ன செய்தால் எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினால் குறி உண்டு. 'சிகாகோ டிஃபெண்டர்' இதழ் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கும் இதுவே காரணம். 1905இல் ராபர்ட் அப்பாட் தொடங்கிய அந்த இதழை ரயிலின் படுக்கை வசதிப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பின ஊழியர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கொடுமையைக் கண்டித்ததோடு, வடக்கே எந்த வேலை கிடைக்கும், ரயில் எப்போது புறப்படும் என்பதையும் அது அச்சிட்டது.

தேவனாம்பட்டினம்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன், பிறகு நம்மூருக்கு வருகிறேன்.

முதலாவது, விளம்பரம். மெந்தால் சிகரெட் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாகக் கறுப்பின இதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தன. அந்த இதழ் புகையிலைப் புற்றுநோய் பற்றி எத்தனை பக்கம் எழுதியது என்று விளம்பரப் பக்க எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எந்த ஊடகத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும்: பெரிய விளம்பரதாரர் மூன்று பேரைப் பட்டியலிட்டு, அவர்களைப் பற்றிய பாதகமான செய்தி அதில் வந்ததா என்று தேடுங்கள்.

இரண்டாவது, இடைவெளி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குடியிருப்போர் அன்றிலிருந்தே நிறத்தையும் நாற்றத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேசிய ஊடகங்கள் பெருமளவில் வந்து இறங்கியது 2016 ஜனவரியில், அவசரநிலை அறிவித்த பிறகு. முதல் புகாருக்கும் நீங்கள் சோதிக்கும் ஊடகத்தின் முதல் சொந்தச் செய்திக்கும் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். மன்னிப்புக் கட்டுரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் லெக்சிங்டன் ஹெரால்டு-லீடர் பத்திரிகை 2004லும் கன்சாஸ் சிட்டி ஸ்டார் 2020லும், கறுப்பர்களைப் பற்றிய தங்கள் பழைய செய்தித் தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. நேர்மையான செயல்தான். ஆனால் மதிப்பெண் அடுத்த ஆண்டுக் குறிப்பேட்டுக்குத்தான்.

ஆசிரியர் குழுவில் யார் என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். 1968இல் அமெரிக்க நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், செய்தித் துறைப் பணியாளரில் கறுப்பர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆசிரியர், மேற்பார்வையாளர் நிலையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று எழுதியது. இங்கே இந்தியாவில், 1996இல் வாஷிங்டன் போஸ்டின் கறுப்பின நிருபர் கென்னத் கூப்பர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, இங்குள்ள பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். உனியாலுக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை, அதையே கட்டுரையாக்கினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியா அமைப்பும் நியூஸ்லாண்ட்ரி செய்தித் தளமும் செய்த ஆய்வு, ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தது: 106இல் உயர்சாதியினர், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவருமில்லை. எண்ணும்போது மொத்த ஊழியரை எண்ணாதீர்கள். எந்தச் செய்தி போகலாம், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் நாற்காலிகளை மட்டும் எண்ணுங்கள்.

நம் மாவட்டத்துக்கு அதே அட்டவணை பொருந்தும், சில மாற்றங்களோடு. பிப்ரவரிக்குப் பதில் அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14, நினைவு நாளான டிசம்பர் 6 ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். வினைமுற்றுக்கு ஒரு பத்தி வையுங்கள்: ஒரே பக்கத்தில் ஒருவர் "கைதானார்", இன்னொருவன் "கைதானான்" என்றால் குறிக்க வேண்டியதே அதுதான். இன்னொரு பத்தி, செய்தவர் யார் என்று வாக்கியத்தில் இருக்கிறதா என்பதற்கு. காலனிக்குள் புகுந்து வீட்டை அடித்து நொறுக்கிய சம்பவம் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று வந்திருந்தால், அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

செயல்படும் தகவலை இங்கே அளப்பது இன்னும் எளிது, காரணம் சட்டமே நாள் குறித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் போக வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கான தீருதவித் தொகை கட்டம் கட்டமாக வர வேண்டும், மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதல் நாள் செய்தி வந்த தேதியிலிருந்து 60 நாள் தள்ளி அதே பத்திரிகையைத் திறந்து பாருங்கள். குற்றப்பத்திரிகை போனதா, தொகை வந்ததா என்று ஒரு வரி இருந்தால் தொடர்ச்சிப் பத்தியில் குறியுங்கள். புதுச்சேரிப் பக்கத்துச் சம்பவம் என்றால் நிர்வாகம் வேறு, குழுவும் வேறு. ஒரே பதிப்பில் இரண்டு பக்கத்துச் செய்தியும் கலந்து வரும், அதனால் எந்த எல்லை என்று ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை:

சுவரிதழுக்காக இன்னொன்று. லாப நோக்கில்லாத தளங்கள் பல, கட்டுரையை மறுவெளியீடு செய்ய இலவச உரிமம் கொடுக்கின்றன. உரிமத்தில் "மாற்றம் செய்யக்கூடாது" என்ற நிபந்தனை இருந்தால் மொழிபெயர்ப்பும் மாற்றக் கணக்கில் வரும், தனியாக எழுதி அனுமதி வாங்க வேண்டும். படங்களுக்கு உரிமம் பெரும்பாலும் வேறாக இருக்கும். கேட்டு எழுதும்போது எந்தக் கட்டுரை, எத்தனை படி, விற்பனைக்கா இலவசமா, எந்த ஊரில் என்று நான்கையும் முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள்.