காதிரைச்சலுக்கு வடிகட்டிய இசை: நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு புதுப்பிப்பு

சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் 22 ஆண்டுகள் நின்று வேலை செய்த எனக்கு இரு காதுகளிலும் ஓயாத கீச்சொலி கேட்கிறது என்றும், அந்த ஒலிக்குரிய அதிர்வெண்களை நீக்கிய பாடல்களைக் கேட்கத் தொடங்குகிறேன் என்றும் தை மாதம் எழுதியிருந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். என் இரைச்சல் 3000 ஹெர்ட்ஸ் என்று அப்போது எழுதியது தவறு. ஒரு ஸ்தாயி கீழே, அதாவது உண்மையான அதிர்வெண்ணின் பாதியாக, கணித்துவிட்டேன். இப்பிழை எளிதில் நேரக்கூடியது என்பதால், கண்டறிந்த எண்ணின் பாதியையும் இருமடங்கையும் ஒலிக்கவிட்டு ஒப்பிட வேண்டும். கோவையில் செவித்திறன் பரிசோதனை செய்தபோது அது 6000 என்று தெரிந்தது. எனவே ஆடாசிட்டி மென்பொருளில் ஏறத்தாழ 4240 முதல் 8490 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு ஸ்தாயி அகலத்தை வெட்டி, எல்லாப் பாடல்களையும் மறுபடி உருவாக்கினேன்.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு வெட்டிய இசையை ஓராண்டு கேட்டவர்களுக்கு இரைச்சலின் உரப்பு (சத்தத்தின் அளவு) குறைந்தது. வெட்டப்பட்ட பகுதிக்கு இருபுறமும் தூண்டப்படும் நரம்பணுக்கள், நடுவில் மிகையாக இயங்கும் அணுக்களை அடக்குகின்றன என்பது அவர்களின் விளக்கம். பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை.

எனக்கு ஒலி மறையவில்லை. ஆனால் தறி நின்ற இரவுகளில் அது முன்போல் என்னை எழுப்புவதில்லை. இதையே பெரிய ஆறுதலாகக் கருதுகிறேன். நாதஸ்வரமும் ஜால்ராவும் சேர்ந்த, மேல் அதிர்வெண்கள் நிறைந்த இசையையே தேர்ந்தெடுக்கிறேன். வெட்டும் இடத்தில் ஒலியே இல்லாத பாட்டில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒலியளவை எப்போதும் தாழ்வாகவே வைக்கிறேன்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்பவர்களும், நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்பவர்களும் இம்முயற்சிக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டுகிறேன்.