கனடாவின் சீனத் தலைவரிக்குக் கூலிப் போட்டி மட்டும்தான் காரணமா?

ஆரப்பாளையம் ஆசிரியை:
வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் புலம்பெயர்வு பற்றிப் பாடம் நடத்தியபோது, 1885இல் கனடா, தன் நாட்டுக்குள் குடியேற வரும் சீனர்கள்மீது மட்டும் ஆளுக்கு 50 டாலர் தலைவரி விதித்ததைச் சொன்னேன். குறைந்த கூலிக்கு உழைத்து மற்றவர்களின் பிழைப்பைக் கெடுத்ததால் என்று காரணமும் சொன்னேன். "அப்படியானால் குறைந்த கூலி கொடுத்த முதலாளிக்கு ஏன் வரி போடவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

மேலூர் வாசகர்:
மாணவி கேட்டது சரியான கேள்வி, அம்மா. ஆண்டைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளை வெடிவைத்துப் பிளந்து பசிபிக் ரயில் பாதை போட 15,000 சீனர்கள்வரை தேவைப்பட்டார்கள். பாதை முடிந்த அதே 1885இல் வரியும் வந்தது, தேசியத் தேர்தலில் வாக்குரிமையும் பறிபோனது. வாக்கில்லாதவன்மீது வரி போட எந்த அரசும் அஞ்சுவதில்லை. 1903இல் வரி 500 டாலரானது, அதாவது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ இரண்டாண்டுக் கூலி. கூலிப் போட்டிதான் காரணமென்றால் ஐரோப்பிய ஏழைகளுக்கும் வரி இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கோ வெறும் 10 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் நிலம் கிடைத்தது.

உசிலம்பட்டியிலிருந்து:
உழைப்பு வேண்டும், உழைப்பவனின் குடும்பம் வேண்டாம் என்பதே அந்த வரியின் உட்பொருள் என்று நினைக்கிறேன். 1923 ஜூலை 1 முதல் சீனர் நுழைவே ஏறத்தாழ முற்றிலும் தடுக்கப்பட்டது. 1947வரை மனைவி ஊரிலும் கணவன் வான்கூவரிலுமாக வயதானவர்கள் ஏராளம். கனடாவாழ் சீனர்கள் அந்த ஜூலை 1ஐ அவமான நாள் என்றே அழைத்தார்கள். எங்கள் அப்பத்தா மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியபின், இந்திய, இலங்கைப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி திரும்பி வந்தார். அங்கே பிறந்த என் அப்பாவும் அந்த நாட்டுக்காரர் ஆகவில்லை. அதனால் இந்தச் செய்தியை என்னால் வேற்றூர்க் கதையாகப் படிக்க முடியவில்லை.

மேலூர் வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். 2006இல் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். வரி கட்டியவர்களில் உயிரோடிருந்தவர்களுக்கும், இறந்தவர்களின் துணைவியருக்கும் தலா 20,000 டாலர் அறிவிக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் இறந்துபோன பிள்ளைகளுக்கு அந்தத் தொகை இல்லை.