தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பிரிந்த கணவனும் மனைவியும் கடல் கடந்து திரும்பச் சந்திக்கிற சரித்திரக் காதல் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய கணவன் 'ட்ரூரோ' கப்பலில், அதாவது சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகம் சேர்ந்த, இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த அந்த முதல் கப்பலில், ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். ஆள் அனுப்புவது 1866-ல் நின்றுபோவதற்கு முன்பே மனைவியும் கப்பலேறிவிடுகிறாள், ஆனால் அவளுக்குக் கிடைப்பது வேறு தோட்டம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போக முடியாது.

கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதுவார்கள். அவன் முழங்காலில் இருக்கும் தழும்பை வைத்துத்தான் அவள் தேடுகிறாள். இங்கேதான் கதை நிற்கிறது. அந்தப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி ஒரு கூலிப்பெண் யாரிடம் கேட்டிருக்க முடியும்? தோட்டத்துக்குத் தோட்டம் சேதி எப்படிப் போனது? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் யாராவது குழுவில் இருந்தால், பாட்டி தாத்தா சொன்ன சின்ன விஷயமாக இருந்தாலும் சரி, தயவுசெய்து எழுதுங்கள். அவர்கள் சந்திக்கிற இடம் பொய்யாக அமைந்துவிடக் கூடாது.