புதிய மேசைக் கணினி திடீர் திடீரென ஹேங் ஆகிறது: எந்தப் பாகத்தை முதலில் சந்தேகிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பக்க வடிவமைப்பு வேலைக்காகப் பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கடையிலேயே பொருத்தித் தரச் சொல்லி ஒரு மேசைக் கணினி வாங்கியிருக்கிறேன். எட்டு கோர் பிராசசர், 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 6000 ரேம்கள், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி), விண்டோஸ் 11. வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதலே முன்னறிகுறி எதுவும் இல்லாமல் முழுக் கணினியும் நின்றுவிடுகிறது. திரையில் கடைசியாக இருந்த காட்சி அப்படியே இருக்கும், மவுஸ் நகராது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே ஒலித்துணுக்கு இரைச்சலாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். ப்ளூ ஸ்கிரீன் வருவதில்லை, தானாக ரீஸ்டார்ட் ஆவதும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வீடியோ ரெண்டர் போன்ற கனமான வேலை நடக்கும்போது பெரும்பாலும் ஒழுங்காக ஓடும் கணினி, பிரவுசரைத் திறந்துவைத்துக்கொண்டு ஓர் ஆவணத்தைத் திருத்தும் சாதாரண நேரத்தில்தான் நிற்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. பிராசசரின் வெப்பநிலை அப்போது 60 டிகிரிக்கும் கீழேதான் இருக்கிறது. விண்டோஸை மீண்டும் நிறுவச் சொன்னார்கள், நிறுவியும் மாற்றமில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டுமே இருக்கிறது. பெயரிலேயே பவர் என்று இருப்பதால் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் மாற்ற வேண்டும் என்று பொருத்தித் தந்தவர் சொல்கிறார். செலவு செய்வதற்கு முன் எதைச் சோதித்து உறுதி செய்துகொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. தயவுசெய்து எஸ்எம்பிஎஸ்ஸை இப்போது வாங்காதீர்கள். கெர்னல்-பவர் 41 என்பது, முந்தைய முறை விண்டோஸ் முறையாக மூடப்படாமல் கணினி அணைந்தது என்று அடுத்த முறை தொடங்கும்போது எழுதப்படும் குறிப்பு மட்டுமே. நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலே அந்தப் பதிவு வந்துவிடும். அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் என்பதற்கு நேராக 0 என்று இருந்தால், ப்ளூ ஸ்கிரீன் பிழை எதையும் பதிவுசெய்யக்கூட விண்டோஸுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பொருள். நின்றுபோனதற்கு என்ன காரணம் என்பதை அது சொல்வதில்லை.

அடுத்த முறை நிற்கும்போது உடனே அணைத்துவிடாமல் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகியவற்றோடு பி (B) விசையையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கப்படும். அதனால் திரை மீள்கிறதா? அதே வைஃபையில் இருக்கும் கைபேசியிலிருந்து இந்தக் கணினிக்குப் பிங் (இயங்குகிறதா என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பினால் பதில் வருகிறதா? (விண்டோஸ் ஃபயர்வால் சில அமைப்புகளில் பிங்கைத் தடுக்கும் என்பதால், கணினி நன்றாக ஓடும்போதே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.) விளக்கு மாறி, பிங்குக்கும் பதில் வந்தால், உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, திரைக்குத்தான் காட்சி வரவில்லை, அப்போது சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் மீதும் அதன் டிரைவரின் மீதும் போக வேண்டும். எதற்குமே பதில் இல்லையென்றால் பிராசசர், ரேம், மதர்போர்டு ஆகியவற்றுக்கு இடையே ஏதோ சிக்கியிருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் நான் முதலில் ரேமைத்தான் சோதிப்பேன். ரேம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 என்ற வேகம், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற புரொஃபைலை, அதாவது கூடுதல் வேகத்துக்கான தயார் அமைப்பை, இயக்கினால் மட்டுமே கிடைப்பது. அதை இயக்காவிட்டால் இத்தகைய ரேம் பெரும்பாலும் 4800 அல்லது 5600 என்ற பொது வேகத்தில்தான் ஓடும். டிடிஆர்5க்கான அடிப்படை மின்னழுத்தம் 1.1 வோல்ட், 6000 வேக ரேம்களின் புரொஃபைல்கள் பல 1.35 வோல்ட் வரை கேட்பவை. ரேமைக் கட்டுப்படுத்தும் சுற்று பிராசசருக்குள் இருப்பதால், இரண்டு ரேம்களும் குறையற்றவையாக இருந்தாலும், அந்தப் பிராசசரும் அந்த மதர்போர்டும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்காமல் போகலாம். பொருத்தித் தருபவர்கள் புரொஃபைலை இயக்கி, விண்டோஸ் திறந்ததும் வேலை முடிந்ததாகக் கருதிவிடுவதுண்டு. மணிக்கணக்கான ரேம் சோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

டிடிஆர்5 ரேமில் பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறது, ஆகவே ரேம் பிழை வராது என்று சிலர் சொல்வார்கள். அந்தத் திருத்தம் சிப்புக்குள் இருக்கும் தரவுக்கு மட்டும் பொருந்தும். ரேமிலிருந்து பிராசசர் வரை செல்லும் வழியில் ஏற்படும் பிழையை அது பிடிக்காது. வேகத்தைக் கூட்டும்போது சிக்கல் வருவதோ அந்த வழியில்தான்.

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இப்போதுள்ள அமைப்பிலேயே குறைந்தது நான்கு சுற்று ஓட விடுங்கள். இரவு தொடங்கினால் காலையில் முடிவு தெரியும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். அதன்பின் புரொஃபைலை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். ரேம் அமைப்பை மாற்றியபின் முதல் முறை தொடங்கும்போது, டிடிஆர்5 கணினிகளில் திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கக்கூடும். கணினி ரேமை அளவீடு செய்துகொள்ளும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன வரிசை சரியானது. ஆனால் எஸ்எஸ்டியை அவ்வளவு எளிதாக விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஈவன்ட் வியூவர் தன் பதிவுகளை எழுதுவது எஸ்எஸ்டியில்தான். எஸ்எஸ்டியே பதிலளிக்காமல் போனால், அந்தக் கோளாறைப் பற்றிய பதிவை எழுத இடமே இருக்காது. ஆகவே பதிவு எதுவும் இல்லை என்பதை வைத்து அதற்குக் குறையில்லை என்று முடிவு செய்ய முடியாது. எஸ்எஸ்டி கோளாறில் பெரும்பாலும் மவுஸ் சிறிது நேரம் நகரும், திறந்திருக்கும் பக்கம் தெரியும், புதிதாக எதையும் திறக்க முயன்றால்தான் ஒவ்வொன்றாக நிற்கும். உங்கள் கணினி ஒரே கணத்தில் முழுவதுமாக நிற்பதால் வாய்ப்பு குறைவு என்றாலும், சிஸ்டம் பதிவுகளில் ஸ்டோர்என்விஎம்இ (stornvme) என்ற பெயரில் 129 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது, எஸ்எஸ்டியிடமிருந்து பதில் வராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்ததைக் குறிக்கும்.

இலகுவான வேலையின்போது மட்டும் நிற்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. வேலை குறையும்போது பிராசசரும் எஸ்எஸ்டியும் மின்சாரத்தைச் சேமிக்க உறக்க நிலைக்குப் போய், நொடிக்குப் பலமுறை விழித்து, மீண்டும் உறங்கும். ரெண்டர் நடக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு. கோளாறு இந்த மாற்றத்தில் இருக்கிறதா என்று அறிய, பவர் ஆப்ஷனில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்பதைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம். ஆனால் இதையும் ரேம் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன்பின் வழக்கமாக நிற்கும் இடைவெளியைவிட நீண்ட காலம் காத்திருப்பு: இப்படிச் செய்தால்தான் எந்த மாற்றம் பலன் தந்தது என்று உறுதியாகத் தெரியும்.

மறுமொழி 3

வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கணினிக்கு அது எப்படியும் தேவை. ஆனால் மின்சாரம் தடுமாறினால் கணினி பெரும்பாலும் சட்டென்று அணையும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். திரை அப்படியே நிற்பது மின்தடுமாற்றத்தின் வழக்கமான அடையாளம் அன்று.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணினி அடுத்த முறை நின்றபோது கேப்ஸ் லாக் விளக்கு மாறவில்லை, பிங்குக்கும் பதில் இல்லை. 129 என்ற பதிவு எங்குமே இல்லை. மெம்டெஸ்ட்86+ முதல் சுற்றைப் பிழையில்லாமல் கடந்தது. விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது பிழைகள் சிவப்பில் வரிசையாக நின்றன. புரொஃபைலை அணைத்தபின் 4800 வேகத்தில் ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை, அதன்பின் கணினியும் நிற்கவில்லை. 6000 வேகத்துக்காகப் பணம் கொடுத்திருக்கிறேன். இப்படியே விட்டுவிடலாமா, ரேமை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

மறுமொழி 1

தாராளமாகக் கேட்கலாம், பெட்டியில் அந்த வேகத்தை அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் குறை ரேமில்தான் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டில் ஒரு ரேமை மட்டும் பொருத்தி, 6000 வேகத்தில் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. ஒன்று மட்டும் பிழை காட்டினால் அந்த ரேம்தான் குறையுள்ளது. இரண்டையும் சேர்த்தே மாற்றித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் அவை ஜோடியாகச் சோதித்து விற்கப்படுபவை. தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் பொருத்தினால் மட்டும் பிழை வந்தால், மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். புதிய தலைமுறை மதர்போர்டுகளுக்கு வரும் பயாஸ் பதிப்புகளில் ரேம் பொருத்தத்துக்கான திருத்தங்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் (எஸ்எஸ்டியைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புக் குறியீட்டை வேறோர் இடத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அதன்பின் விண்டோஸ் திறக்கும்போது அதைக் கேட்டு நிற்கக்கூடும். அதன்பின்னும் பிழை வந்தால் 5600 வேகத்தில் வைத்துக்கொள்ளலாம், அதையும் சோதித்த பிறகு. உங்கள் வேலையில் அந்த வேறுபாட்டை நீங்கள் உணர மாட்டீர்கள். பிராசசரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது கடினம். இந்தப் புரொஃபைலைப் பிராசசர் நிறுவனங்கள் ஓவர்கிளாக்கிங் (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) என்றே கருதுகின்றன.

முக்கியமான ஒன்றை மறந்துவிடாதீர்கள். ரேம் பிழையோடு ஓடிய நாட்களில்தான் நீங்கள் விண்டோஸை மீண்டும் நிறுவியிருக்கிறீர்கள், கோப்புகளையும் பழைய கணினியிலிருந்து மாற்றியிருப்பீர்கள். ரேமைக் கடந்துதான் ஒவ்வொரு கோப்பும் எஸ்எஸ்டிக்குப் போகிறது என்பதால், சில கோப்புகள் சிதைந்த நிலையிலேயே பதிவாகியிருக்கக்கூடும். சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டுங்கள். விண்டோஸின் கோப்புகளை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் சொந்த ஆவணங்களை அது சரிபார்க்காது. வடிவமைத்த பக்கங்களையும் படங்களையும் பழைய கணினியில் இருக்கும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, அந்தப் பழைய கணினியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.